உங்க தாத்தா கெணத்த மூடாத சேகரு

டேய் சேகரு,

நல்லா கீறியா? தங்கச்சி, பசங்கல்லாம் சௌக்கியமா? எட்டு மாசமா ஒரு போன் கூட பண்ணல, தப்பு என்மேலதான், வந்து திட்டிக்கோ. செவ்வாக்கெழம பொய்கை மாட்டுச்சந்தையில பாபுவ பாத்தேன், நீ ரோட்டோர நெலத்துல வீடு கட்டப்போறியாம், அதுக்கு உங்க தாத்தா கெணத்த மூட ஜேசிபி பேசிட்டியாம். வேணாம்டா. இத முழுசா படிச்சிட்டு அப்புறம் முடிவு பண்ணு.

சித்திரையில எங்க போர்வெல்லுல தண்ணி நின்னுடுச்சு, அப்பா காலத்துல போட்ட 450 அடி. திருச்செங்கோட்டு போர் போடற வண்டிய வரவழைச்சு, தேங்கா வெச்சு பாத்து குறிச்ச எடத்துல ராத்திரி 9 மணிக்கு ஆரம்பிச்சோம். 60 அடி வரைக்கும் மண்ணு, மண்ணு சரியாம இருக்க கேசிங் பைப்பு எறக்குனாங்க, அதுக்கு கீழ பூரா கருங்கல்லு. 300ல லேசா ஈரம், 700ல வெறும் வெள்ள புழுதி, வேப்பமரம் மாட்டுக்கொட்டாயெல்லாம் மாவு கொட்டுன மாதிரி ஆயிடுச்சு. அம்மா ஒவ்வொரு ராடு எறங்கும்போதும் வந்து அந்த புழுதிய கையில அள்ளி நசுக்கி பாத்துட்டு போனாங்கடா. 1,050 அடியில நான்தான் போதும்னு நிறுத்துனேன். ஒன்ற லட்சத்துக்கு மேல போச்சு.

மறுநா காலையில பாப்பா பரீட்சைக்கு படிச்சிகினு இருந்தா, சூரிய ஒளி காத்து தண்ணி புதுப்பிக்கத்தக்க வளம், நிலக்கரி பெட்ரோல் புதுப்பிக்க இயலாத வளம்னு. "தண்ணிதான் தீராதேப்பா, நம்ம போர்ல ஏன் வரல"ன்னு கேட்டா. எனக்கு உடனே பதில் வரல.

புஸ்தகத்துல தப்பில்ல, மழை வருஷாவருஷம் வருது. ஆனா நம்மது பாறை பூமி, மேல மக்குன பாறையிலயும் கீழ வெடிப்புலயும்தான் தண்ணி நிக்கும். 40 அடி கெணறு ஒரு ஐப்பசி மழைக்கே ஏறிடும். ஆயிரம் அடியில கெடைக்கறது சொட்டுசொட்டா எத்தினியோ காலமா எறங்கி சேந்தது, நாம உறிஞ்சிட்டா நம்ம ஆயுசுல திரும்பாது, அப்ப அதுக்கும் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக்கும் இன்னா வித்தியாசம் சொல்லு? சோலார் மோட்டார் போட்டவங்க பகலெல்லாம் ஓட்டுறாங்க, வெயிலு தீராது, கீழ தண்ணி தீருது.

மணலும் அப்படித்தான். பாலாத்துல கொட்டாங்குச்சியால ஒரு மொழம் தோண்டுனா ஊத்து வரும், கலங்கல் தெளியற வரைக்கும் பொறுக்காம நீ குடிப்பியே. மலை கரைஞ்சு ஆயிரக்கணக்கான வருஷமா உருண்டு வந்த மணலு அது, நம்ம கண்ணெதிர்லயே லாரி லாரியா போச்சு. 2021 நவம்பர்ல கரை கொள்ளாம வெள்ளம் வந்துச்சே, புடிச்சு வெக்க மணல் இல்லாம முக்காவாசி கடலுக்குதான் போயிருக்கும். ஆனா அந்த வருஷம் உங்க தாத்தா கெணத்துல மேல்படி வரைக்கும் ஏறி பங்குனி வரைக்கும் நின்னுச்சு, நானே தெனம் எட்டிப் பாத்தேன்.

இன்னொண்ணு, தண்ணி திரும்பி வந்தாலும் சுத்தமா வரணும். தோல் கழிவால வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் கெணறெல்லாம் உப்பாச்சு, மாசு பண்ணவன்தான் நஷ்டஈடு கட்டணும்னு சுப்ரீம் கோர்ட் 1996லயே தீர்ப்பு சொல்லிச்சு. உன் மாமனார் வீட்ல இன்னும் கேன் தண்ணிதான வாங்குறாங்க.

கணியம்பாடி பக்கம் நாகநதியில நூறுநாள் வேலை பொம்பளைங்க ஆத்துக்குள்ள உறைகெணறு எறக்கி, மழைத்தண்ணிய பூமிக்குள்ள விட்டாங்க. நமக்கு புதுசா தோண்டவும் வேணாம், கெணறு தயாரா கீது. ஆயிரம் சதுர அடி மொட்டமாடியில 1 செ.மீ. மழை பேஞ்சா 900 லிட்டருக்கு மேல. உன் மாடி, என் மாடி ரெண்டுத்துலருந்தும் பைப் போட்டு, ஜல்லி மணல் கரி போட்ட தொட்டி வழியா உள்ள விடலாம். தூர் வாரற செலவு என்னுது. வீட்ட கெழக்கால பத்தடி தள்ளிக்கோ, மேஸ்திரிகிட்ட கேட்டேன், வாசக்கால் மாறாதுன்றாரு. பசங்க விழுந்துடுவாங்கன்னு தங்கச்சி பயந்தா மேல கிரில் போட்டுத் தரேன்.

வெள்ளிக்கெழம ஜேசிபி வருதுன்னு பாபு சொல்றான். அதுக்குள்ள ஒரு போன் பண்ணிடு, நடுராத்திரி ஆனாலும் எடுப்பேன்.

உன்
மணி