காளவாயில் வெந்த ரோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரோம் பயணத் தொடரின் சென்ற வாரப் பகுதியைப் படித்தேன். கொலோசியத்துக்கு இரண்டு பக்கம். அதை ஒட்டியே இருக்கும் ஃபோரத்துக்கு, அதாவது பழைய ரோமின் பொதுச் சதுக்கத்துக்கு, நாலே வரி. அந்த நாலிலும் ஒரு வரி, 'அந்நியப் படையெடுப்பில் அழிந்த சதுக்கம்' என்கிறது. போன ஜூன் மாதம் மகளோடு அங்கே ஒரு பகல் முழுக்கச் சுற்றியவன் நான். இதை அப்படியே விட மனம் வரவில்லை.

கி.பி. 410இல் ஜெர்மானிய இனக்குழுவான கோத்துகள் ரோமைச் சூறையாடியது உண்மைதான். ஃபோரத்தில் இருந்த பொது மண்டபமான பசிலிக்கா எமிலியாவின் பளிங்குத் தரையில் பச்சைப் பச்சையாகக் கறைகள் இருக்கின்றன. அன்றைய தீயில் காசுகள் உருகி ஒட்டிக்கொண்ட தடம் என்கிறார்கள். சரி, அதோடு எல்லாம் முடிந்தது என்றால், 608இல் அதே சதுக்கத்தில் பைசாந்தியப் பேரரசர் ஃபோகாஸ் பெயரில் எதற்குத் தூண் நிறுத்தினார்கள்? அந்தத் தூண் இன்றும் நிற்கிறது.

ஃபோரத்தை அதிகம் தின்றது சுண்ணாம்புக் காளவாய்தான். பளிங்கைச் சுட்டால் சுண்ணாம்பு. தூண், சிலை என்று பாராமல் ஊர்க்காரர்களே நூற்றாண்டுக் கணக்கில் உடைத்துச் சுட்டிருக்கிறார்கள். 1540இல் போப் மூன்றாம் பவுல், புனித பேதுரு பேராலயம் கட்ட இங்கிருந்து கல் எடுத்துக்கொள்ள அனுமதியே கொடுத்தார். மிச்சத்தை மண் மூடியது. மேலே மாடு மேய்ந்தது. இடத்தின் பெயரே 'காம்போ வாச்சினோ' என்றாகிவிட்டது. நம் பேச்சில் சொன்னால் மாட்டுத் திடல்.

அப்படியும் சில தப்பின. பேரரசர் அன்டோனைனஸுக்கும் அவர் மனைவி ஃபாஸ்தினாவுக்கும் உரிய கோயிலில் பத்துத் தூண்களும் முழுசாக நிற்கின்றன, அது தேவாலயமாக மாறிவிட்டதால். தூண்களுக்குப் பின்னால் அண்ணாந்து பார்த்தால் தேவாலயக் கதவு படியே இல்லாமல் அந்தரத்தில் இருக்கும். கதவு வைத்த நாளில் தரை அந்த உயரத்தில் இருந்தது. பின்னால் மண்ணைத் தோண்டி எடுத்ததும் வாசல் மட்டும் மேலே தங்கிவிட்டது. எத்தனை மண் மூடியிருந்தது என்று எனக்கு உறைத்தது அங்கேதான். செனட் கூடிய கூரியாவையும் தேவாலயமாக்கியதுதான் காப்பாற்றியது. ஆனாலும் அதன் வெண்கலக் கதவுகளை 17ஆம் நூற்றாண்டில் கழற்றி லாத்தரன் பேராலயத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அப்புறம் ஒரு மனக்குறை. மாக்சென்டியஸ் பசிலிக்கா எழும்பிய இடத்தில் அதற்கு முன் இருந்தது பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு. சேர நாட்டு முசிறியில் கப்பலேறிய மிளகுக்கும் அந்த இடத்துக்கும் உள்ள உறவைத் தமிழ்ப் பத்திரிகை சொல்லாமல் யார் சொல்வது?

அடுத்த பகுதியில் இன்னொன்றையும் சேருங்கள். அங்கே நிழல் குறைவு. பழைய கல் பாவிய தெரு மேடும் பள்ளமுமாக இருக்கும். டைட்டஸ் வளைவுக்குக் கீழே என் செருப்பு வார் அறுந்து, மீதி ஃபோரத்தை வெறுங்காலோடுதான் பார்த்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி