முல்லோயாவில் செத்தது எத்தனை பேர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தெல்தோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. என்னிடம் படித்த பையன் ஒருவன் மலையகத்தில் நடந்த பழைய கொலைகளைப் பற்றி யூடியூபில் வரிசையாகக் காணொளி போடுகிறான். அண்மையில், 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் செத்த தொழிலாளி கோவிந்தனைப் பற்றிப் போட்டதை எனக்கு அனுப்பியிருந்தான். இருட்டில் டோர்ச் வெளிச்சம், நெஞ்சை அடைக்கிற இசை என்று தொடங்குகிறது. கோவிந்தனைத் 'தோட்டத்துச் சண்டியன்' என்கிறான். பொலிஸ் சுட்டதில் மூன்று பேர் செத்தார்கள் என்கிறான். உடனே அவனுக்குக் கோல் எடுத்து, மூன்று பேர் என்று யார் சொன்னது என்று கேட்டேன். "நீங்கதானே டீச்சர், பத்தாம் ஆண்டில சொன்னீங்க" என்றான்.

உண்மைதான். இருபது வருடத்துக்கு மேலாக வகுப்பில் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். என் அப்பாயி சொன்ன கதை அது. அப்போது அவருக்கு இருபது வயதிருக்கும், பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே சொல்வார்: "வெடிச் சத்தம் கேட்டிச்சு. ஒருத்தரும் மலைய விட்டு எறங்கக் கூடாதுன்னு கணக்கப்பிள்ளை கத்தினாரு. அந்திக்குக் கொழுந்து நிறுக்கப் போனா, மூணு பேரு விழுந்துட்டாங்கன்னு சொன்னாங்க." மூணு என்னும்போது மூன்று கல்லைச் சுளகின் ஓரத்துக்கு விரலால் தள்ளி வைப்பார். அந்தக் கற்கள் என் கண்ணில் அப்படியே நின்றுவிட்டன. 'சொன்னாங்க' என்ற சொல்லை நான் கவனிக்கவே இல்லை. அப்பாயி நேரில் பார்த்தவர் இல்லை, நிறுவை இடத்தில் கேட்டவர்.

மறு வாரமே கொழும்பு 7இல் இருக்கும் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய், இரண்டு நாள் உட்கார்ந்து 1940ஆம் ஆண்டுப் பத்திரிகைகளைப் புரட்டினேன். அந்த வருடம் ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டுக்குப் பலியானது ஒருவர், கோவிந்தன் மட்டும். இடதுசாரிகளான சமசமாஜக் கட்சியினர் துணை நின்ற வேலைநிறுத்தத்தின்போது நடந்தது அது. சூட்டைப் பற்றி விசாரிக்க ஆணைக்குழு அமைத்தார்கள். கோவிந்தனின் மனைவிக்காக சமசமாஜக் கட்சித் தலைவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். கணவனை இழந்த ஒரு தோட்டத்துப் பெண்ணுக்காக, அந்தக் காலத்தில், ஒரு சட்டத்தரணி எழுந்து நின்று பொலிஸாரைக் கேள்வி கேட்டிருக்கிறார். இதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய அரசியல் விவகாரம். முல்லோயாவில் கைதானவர்களின் வழக்கைத் தள்ளிப்போடும்படி உள்நாட்டு அமைச்சர் டீ.பி. ஜயதிலக்க பொலிஸ் மா அதிபரிடம் சொன்னார். பொலிஸ் மா அதிபர் இணங்கவில்லை. பிரித்தானிய ஆளுநர் கால்டிகொட்டும் பொலிஸின் பக்கமே நின்றார். அமைச்சர் வாரியம் முழுவதும் பதவி விலகியது. எங்கள் மலையில் வெடித்த ஒரு துப்பாக்கியால் கொழும்பில் ஆட்சியே ஆட்டம் கண்டிருக்கிறது. காணொளியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. 'சண்டியன்' எங்கிருந்து வந்தது என்று பையனிடம் கேட்டேன். வேறொரு காணொளியில் கேட்டானாம்.

அவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கண்டியில் போகம்பறைச் சிறையைப் பற்றிப் பேச்செடுத்தால், 1942இல் சமசமாஜத் தலைவர்களான என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் கொல்வினும் அங்கிருந்து தப்பிய கதையை யாரும் சொல்வார்கள். அதே ஆண்டு அதே சிறையில், ஸ்டெலன்பேர்க் தோட்டத்துத் துரை (முகாமையாளர்) போப்பின் கொலை வழக்கில் வீராசாமி, வேலாயுதம் என்ற இரண்டு தொழிலாளிகளைத் தூக்கில் போட்டார்கள். அவர்கள் பெயரைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. துரை கொலையுண்டது இன்றும் பயங்கரக் கதையாக ஓடுகிறது. அந்தத் தோட்டத்தில் என்ன தகராறு, நீதிமன்றத்தில் யார் என்ன சாட்சி சொன்னார்கள் என்று எத்தனை பேர் தேடியிருப்போம்?

சில வருடங்களாக ஜனவரி 10ஐ மலையகத் தியாகிகள் தினமாக நினைவுகூருகிறார்கள். மனதுக்கு ஆறுதலான விஷயம். ஆனால் அந்த மேடைகளில் பேசுபவர்களும், காணொளி போடுகிற பிள்ளைகளும், என்னைப் போன்ற ஆசிரியர்களும், இன்ன தகவலை இன்ன இடத்தில் எடுத்தேன் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். காதில் விழுந்தது என்றால், யார் சொன்னது, அவர் எந்தத் தோட்டம், கண்ணால் பார்த்தவரா என்பதையும் சொல்லட்டும். கோவிந்தனுக்கு நான் இரண்டு பிணங்களைக் கூட்டினேன், பையன் சண்டியன் பட்டம் கட்டினான். செத்துப்போன மனிதர் வந்து இல்லையென்று சொல்லவா போகிறார்?

முல்லோயாவைப் பார்த்த கண்கள் இனிக் கிடைக்க மாட்டா. 1977இல் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்ததைப் பார்த்தவர்கள் அப்படியில்லை. அன்று இருபது வயதில் இருந்தவர்கள் இன்றும் லயங்களில் இருக்கிறார்கள். எழுபதைத் தொட்டவர்கள், ஞாபகம் தெளிவாக இருப்பவர்கள். உங்கள் பத்திரிகை ஞாயிறு இதழில் கால் பக்கம் ஒதுக்கினால் போதும், அவர்கள் சொல்வதைத் தோட்டம், வயது, திகதியோடு எழுதி அனுப்ப எங்கள் பகுதியிலேயே ஆட்கள் இருக்கிறோம். இதைத் தயவுசெய்து யோசியுங்கள்.

பையன் அந்தக் காணொளியை எடுத்துவிட்டான். அடுத்த தடவை சுவடிகள் திணைக்களத்துக்குப் போகும்போது தானும் வருகிறேன் என்றிருக்கிறான். போப் வழக்கைத் தேடப் போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தெல்தோட்டை