வந்த பேச்சு போனால்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்தது. பையனுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம், அவனிடம் சொல்.

தங்கை மகளைப் பற்றிக் கேட்டிருந்தாயே, நோயின் பெயர் தெரிந்துவிட்டது: ரெட் சிண்ட்ரோம். ஒரு வயதுவரை நன்றாகத்தான் இருந்தாள், ‘அம்மா’, ‘தா’ என்றெல்லாம் சொன்னாள், என் கண்ணாடியைப் பிடித்து இழுப்பாள். அப்புறம் பேச்சு நின்றது, பொம்மையை எடுப்பதும் நின்றது. இப்போது நெஞ்சுக்கு நேராக இரண்டு கையையும் சேர்த்து, துணி பிழிவதுபோல் பிசைந்துகொண்டே இருக்கிறாள். தூங்கினால்தான் ஓய்வு. முதலில் ஆட்டிசம் என்றார்கள், மரபணுப் பரிசோதனைக்குப் பிறகுதான் தெளிவானது.

1954இல் வியன்னாவில் ஆந்திரேயாஸ் ரெட் என்ற மருத்துவர், காத்திருந்த இரண்டு சிறுமிகள் ஒரே மாதிரி கை பிசைவதைக் கவனித்திருக்கிறார். 1966இல் எழுதினார், ஆனால் 1983இல் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வந்த பிறகுதான் மற்ற நாட்டு மருத்துவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்தாயிரம் பெண் குழந்தைகளில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிற நோய் இது, தெரிந்தவர்கள் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?

காரணம் எக்ஸ் குரோமோசோமில் உள்ள எம்இசிபி2 மரபணுவில் ஏற்படும் மாற்றம், 1999இல் ஹுதா ஸோக்பி என்ற மரபியல் ஆய்வாளரின் ஆய்வகம் கண்டுபிடித்தது. அநேகமாக எல்லாருக்கும் அது புதிதாக உண்டாவதுதான், பெற்றோர் வழியாக வருவதில்லை. இதைச் சொன்ன பிறகும் ‘வயிற்றில் இருந்தபோது என்ன செய்தாய்’ என்று தங்கையைக் கேட்கிறார்கள், எனக்குக் கோபம் கோபமாக வருகிறது மாலதி. முழுதாகக் குணப்படுத்த இன்னும் மருந்து இல்லை. 2023இல் அமெரிக்காவில் டிரோஃபினடைட் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது, அது சில அறிகுறிகளைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் 2007இல் எலிகளிடம் அந்த மரபணுவை மீண்டும் இயங்கவைத்தபோது, வளர்ந்த எலிகள்கூடத் தேறின. அதைப் படித்துவிட்டுத் தங்கை அழுதாள்.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். தினமும் சின்னக் குழந்தைகளோடு இருக்கிறாய். பேச்சு தாமதமாக வருவது வேறு, வந்த பேச்சு போவது வேறு. கற்ற எதையாவது ஒரு குழந்தை இழந்தால் ‘போகப்போகச் சரியாகிவிடும்’ என்று யாரும் சொல்ல விடாதே, குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பு. அக்டோபர் இந்த நோய்க்கான விழிப்புணர்வு மாதம், பெற்றோர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசு, குறிப்பு நான் எழுதித் தருகிறேன்.

அவளைப் பார்க்க வரும்போது தங்கையிடம் ‘இவளுக்குப் புரியுமா’ என்று கேட்காதே. அவளிடமே பேசு. வேண்டியதைக் கண்ணால் காட்டுவாள், கொஞ்சம் நேரமாகும்.

அன்புடன்,
சுமதி