புழுதி விதைப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நீ சிங்கப்பூரிலிருந்து பேசிவிட்டுப் போனை வைத்த பிறகு அம்மா இரண்டு தரம் கேட்டாள், பிள்ளை என்ன சொன்னான், உங்கள் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று. டூட்டி மாற்றிவிட்டார்களாம், தூக்கம் இல்லையாம் என்று சொல்லிச் சமாளித்தேன். நீ சொன்னதை அப்படியே அவளிடம் சொல்ல மனசு வரவில்லை. "நாலு மாசமா பைபிளைத் தொடலைப்பா. தொட்டாலும் எழுத்துதான் தெரியுது, உள்ளே ஒண்ணும் இறங்கலை. செபம் பண்ணா சுவத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கு" என்றாய். நான் "சரிப்பா, எல்லாம் சரியாயிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டேன். அது போதாது என்று அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது, தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று. நீ இதை என்னிடம் சொன்னது எனக்குச் சந்தோஷம். ஒளித்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன் வந்தேன் என்று கணக்குச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

உனக்கு அப்பத்தாவின் பாக்கு உரல் ஞாபகம் இருக்கிறதா? நீ மூன்றாவது படிக்கும்போது சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அப்பத்தாவுக்கு நீதான் நற்செய்தி வாசிப்பாய். அவருக்கு எழுத்து தெரியாது. நீ எழுத்துக் கூட்டி வாசிக்க வாசிக்க அவர் பாக்கை இடித்துக்கொண்டே இருப்பார், டொக் டொக்கென்று. திடீரென்று சத்தம் நிற்கும். "நிப்பாட்டு. அதைத் திரும்பப் படி" என்பார். ஒரு நாள் மாற்கு நான்காம் அதிகாரம், விதை தானாக வளர்கிற உவமை. விதைத்தவர் இரவில் தூங்குகிறார், பகலில் விழித்திருக்கிறார், அவருக்குத் தெரியாமல் விதை முளைத்து வளர்கிறது என்று வருமே, அங்கே உலக்கை நின்றுவிட்டது. "அவருக்குத் தெரியாமல்" என்று நீ மூன்று தரம் வாசித்தாய். அப்பத்தா அதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "நாம புழுதியில போட்டுட்டு வந்து படுத்துத் தூங்குறோமே, அதுதாண்டா இது." அன்றைக்கு அதற்கு மேல் வாசிக்க விடவில்லை. மறுநாள் கோழிக்குத் தவிடு போடும்போது உன்னைக் கூப்பிட்டு, நேற்றுப் படித்ததில் எந்த வார்த்தை ஞாபகம் இருக்கிறது என்று கேட்டார். உனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு பிடி பொரிகடலை கிடைத்தது.

நான் அப்போது வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பல வருடம் கழித்து ஒரு தியானத்தில் சாமியார் ஒருவர், 12ஆம் நூற்றாண்டில் கிகோ என்ற துறவி வேதம் வாசிப்பதை நான்கு படி வைத்த ஏணி என்று எழுதியதைச் சொன்னார். வாசிப்பது, வாசித்ததை அசைபோடுவது, அதை வைத்துச் செபிப்பது, கடைசியில் பேச்சை விட்டுவிட்டு ஆண்டவர் முன்னால் சும்மா இருப்பது. வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, செபத்தில் ருசி தெரிகிறது, கடைசிப் படியில் ருசி மட்டுமே நிற்கிறது என்று அவர் எழுதியிருக்கிறாராம். எனக்கு உடனே பாக்கு உரல்தான் காதில் கேட்டது. ஏணி, படி எதுவும் தெரியாமலே அப்பத்தா அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

புழுதி விதைப்பை நீ மறந்திருக்க மாட்டாய். நம் சருகணிப் பக்கம் மழை பெய்து நிலம் நனையட்டும், அப்புறம் விதைப்போம் என்று யாரும் உட்காருவதில்லை. அப்படி உட்கார்ந்தவனுக்குப் பருவம் தவறிப்போகும். ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணை உழுது, காலை வைத்தால் கணுக்கால்வரை புழுதி ஏறுகிற நிலத்தில், நெல்லைத் தூவி மூடிவிட்டு வந்துவிடுவோம். எறும்பு கொஞ்சம் இழுத்துப் போகும், குருவி கொஞ்சம் கொத்தும். வயலைப் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, வெறும் மண். ஆனால் விதை உள்ளே இருக்கிறது. மழை எப்போது என்பது நம் கையில் இல்லை, மழைக்கு முன்னால் போட்டு வைப்பது மட்டும்தான் நம் வேலை. நீ உள்ளே ஒன்றும் இறங்கவில்லை என்று சொன்னபோது எனக்கு அந்த வயல்தான் கண்ணில் வந்தது. மனசு நனைந்த பிறகு வாசிக்கலாம் என்று நீ காத்திருக்கிறாய், தம்பி. காய்ந்து கிடக்கும்போதே போடு.

இதை நான் லேசாகச் சொல்லவில்லை. நீ பத்தாவது படித்த வருடம் எனக்கு என்ன ஆனது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. பெரிய வீட்டுத் தளத்துக்கு ஒரு ஆர்டர் வந்தது. ஆத்தங்குடித் தரைக் கல் எப்படிப் போடுகிறோம் என்று உனக்குத் தெரியும்: கண்ணாடி மேல் அச்சை வைத்து, கரண்டியால் ஒவ்வொரு கலராக ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு இறுக்கி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் இறக்க வேண்டும். தொட்டியில் ஊறுகிற நாளைக் குறைக்கவே கூடாது. நான் குறைத்தேன், லாரி வந்து நிற்கிறது என்று. பூ அச்சுக் கல் முழுக்க வெள்ளை பூத்துப்போய்த் திரும்பி வந்தது. அந்தக் கடனை அடைக்க மூன்று வருடம் ஆனது. தப்பு என்னுடையது, ஆனால் கோபம் முழுக்க ஆண்டவர் மேல். பூசை நேரத்தில் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு வீட்டுக்கு வருவேன். அம்மாவுக்குத் தெரியும், ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நீ விடுதியில் இருந்தாய், அதனால் அப்பத்தாவுக்கு வாசிக்க ஆள் இல்லை. என்னைக் கேட்டார். அவருக்காகத்தான் வாசித்தேன், எனக்காக இல்லை. நம்பிக்கை இல்லாமல், கடமைக்கு, பட்டறையிலிருந்து வந்த கையோடு, விரலில் கலர் ஒட்டியிருக்க, திருப்பாடல்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் தொட்டியில் கல்லை இறக்கிக்கொண்டிருந்தபோது, நானே கூப்பிடாமல், திருப்பாடல் 13 வாயில் வந்தது. ஆண்டவரே, இன்னும் எவ்வளவு நாள் என்னை மறந்திருப்பீர் என்று தாவீது கேட்பது. நான் ஆண்டவரிடம் சொல்ல வெட்கப்பட்ட அதே புகார், எனக்கு முன்பே எழுதி வைத்து, செபமாகவே வைத்திருக்கிறார்கள். தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கடன் அன்றைக்குத் தீரவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் நிற்கவில்லை.

சரி, நீ என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். எனக்குப் பலித்ததைத்தான் சொல்ல முடியும்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்து உடனே செபம் பண்ண உட்காராதே. முதலில் தூங்கு. எலியா இறைவாக்கினர் சாக வேண்டும் என்று கேட்டு மரத்தடியில் படுத்தாரே, அப்போது ஆண்டவரின் தூதர் அவருக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தார், தூங்க விட்டார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தார். அதற்குப் பிறகுதான் ஓரேபு மலைக்கு 40 நாள் நடை. உடம்பு ஓய்ந்துபோனதை விசுவாசம் போய்விட்டது என்று நினைத்துக் குழம்பாதே. இரண்டும் வேறு.

தூங்கி எழுந்து, போனைத் திறப்பதற்கு முன்னால், பத்து வசனம். அதற்கு மேல் வேண்டாம். மாற்கிலிருந்து தொடங்கு, நான்கு நற்செய்தியில் அதுதான் சின்னது, 16 அதிகாரம்தான். கட்டிலில் மேல் ஆள் கீழ் ஆள் இருப்பார்கள், பரவாயில்லை, உதடு அசைகிற அளவுக்காவது வாய்விட்டு வாசி, கண்ணால் மட்டும் ஓட்டாதே. எந்த வார்த்தையில் உலக்கை நிற்கிறதோ அங்கே நிறுத்து. நிற்கவே இல்லையென்றால் கடைசி வார்த்தையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போ, வெல்டிங் கண்ணாடியைக் கீழே இறக்குகிற ஒவ்வொரு தரமும் அதை ஒரு தடவை சொல்லிக்கொள். கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து, விரல் பட்ட இடத்தில் வாக்குத்தத்தம் எடுக்கிற பழக்கம் உன் ரூமில் யாருக்காவது இருந்தால் நீ அதில் சேராதே. அதே மாதிரி காலையில் வாட்ஸப்பில் சூரியன் படம் போட்டு வருகிற வசனமும் வாசிப்பு ஆகாது. நானும்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன், இனிமேல் அனுப்ப மாட்டேன்.

ராத்திரி படுக்கிறபோது இன்னொரு ஐந்து நிமிடம். இது இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் வழி. அவர் 1521இல் பம்பலோனா சண்டையில் காலில் குண்டடி பட்டுப் படுக்கையில் கிடந்தபோது வீரக் கதைப் புத்தகம் கேட்டார், வீட்டில் அது இல்லை, கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்கள் கதையும்தான் இருந்தன. வேறு வழியில்லாமல் அதை வாசித்தார். வாசித்தபின் வருகிற நினைப்பில் எது மனசை நிறைவாக விட்டுப்போகிறது, எது கொஞ்ச நேரம் இனித்துவிட்டு வெறுமையாக்குகிறது என்று கவனித்தார். அந்தக் கவனத்தோடு ஒட்டியதுதான் அவர் சொல்லிக்கொடுத்த ஆன்மச் சோதனை, அதாவது அன்றைய நாளை ஆண்டவர் முன்னால் திரும்பிப் பார்ப்பது. நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இன்றைக்கு எதற்கு நன்றி சொல்லலாம், காலையிலிருந்து ஒவ்வொரு மணியாகப் பார்த்துக்கொண்டு வந்தால் எங்கே ஆண்டவர் பக்கத்தில் இருந்தார், எங்கே நான் விலகினேன், அதற்கு மன்னிப்பு, நாளைக்கு ஒரு காரியம். ஃபோர்மேன் திட்டினது, ரூம்காரனோடு சண்டை, எல்லாவற்றையும் அதில் போடு. என் அனுபவத்தில் வேத வாசிப்பு வறண்டு கிடந்த நாள்களில்கூட இது ஓடியது, ஏனென்றால் இதற்கு விஷயம் நம் அன்றாடத்திலேயே கிடைத்துவிடுகிறது.

செபிக்கவே வார்த்தை வராத நாளுக்குத் திருப்பாடல் 88 வைத்துக்கொள். புலம்பல் திருப்பாடல்கள் அநேகமாகக் கடைசியில் வெளிச்சத்துக்கு வந்துவிடும், இது வராது, இருட்டிலேயே முடிகிறது. ஆனாலும் அது ஆண்டவரைக் கூப்பிட்டுத்தான் பேசுகிறது. அன்னை தெரசா இறந்து பத்து வருடம் கழித்து, 2007இல் அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோதுதான் பலருக்கும் தெரிந்தது, எத்தனையோ வருடம் அவரும் உள்ளே வறட்சியோடுதான் செபித்தார், ஏழைகளைத் தொட்டார் என்று. அதனால் தியானக் கூட்டத்தில் அழுத அழுகையை வைத்து உன் விசுவாசத்தை அளக்காதே.

தனியாகவும் இருக்காதே. விடுமுறை ஞாயிறில் ஓபிர் ரோட்டில் இருக்கிற லூர்து மாதா கோயிலுக்குப் போ, 1888இல் அங்கிருந்த தமிழ்க் கத்தோலிக்கருக்காகவே கட்டிய கோயில், இன்றைக்கும் தமிழ்ப் பூசை உண்டு. பஸ் தூரம் என்று சொல்லாதே. அங்கே பாவசங்கீர்த்தனமும் செய், தமிழிலேயே சொல்லலாம். அப்புறம் தவக்காலத்துக்கு மட்டும் ஒருசந்தி நோன்பு இருந்துவிட்டு மற்ற நாளில் மறந்துவிடாதே. எசாயா 58 சொல்கிற நோன்பைப் பிடி, பசித்தவனோடு உணவைப் பகிர்வது. சம்பளம் பிடித்தம் ஆகி மாசக் கடைசியில் சாயா மட்டும் குடிக்கிற பையன் உன் ரூமில் இருக்கிறான் என்றாயே, அவனுக்கு ஒரு வேளைச் சோறு.

உனக்குப் புனித அருளானந்தர் பெயரைத்தான் வைத்தோம். சின்னப் பிள்ளையில் ஓரியூருக்குக் கூட்டிப்போனபோது சிவந்த மண்ணை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய், வீடு வரும்வரை கையை எடுக்கவில்லை. அருளானந்தர் லிஸ்பனில் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை, காவி கட்டி, மறவர் நாட்டு மறைப்பணியில் நடந்து நடந்து, 1693 பிப்ரவரி 4ஆம் தேதி அங்கே தலையைக் கொடுத்தார். வெட்டப்படுவதற்கு முந்தின நாள், மையில்லாமல், கரியைத் தண்ணீரில் கரைத்துத் தன் சபைச் சகோதரருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கரிக் கடிதத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கையில் என்ன இருந்ததோ அதை வைத்து எழுதினார். உனக்கு இப்போது இருப்பது பத்து நிமிடமும் வறண்ட மனசும்தான் என்றால் அதை வைத்தே தொடங்கு.

வருகிற திங்கட்கிழமையிலிருந்து நானும் மாற்கு முதல் அதிகாரம் எடுக்கிறேன். நான் காலை ஐந்துக்கு உட்காருவேன், உனக்கு அப்போது ஏழரை. உனக்கு நேரம் ஒத்துவராவிட்டால் நீ எப்போது எழுந்தாலும் சரி, அதே பத்து வசனம். ஒரு நாளைக்குப் பத்து என்றால் முடிக்க இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், கார்த்திகை வந்துவிடும். ராத்திரி எனக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்பு, அன்றைக்கு எங்கே நின்றாய் என்று. எங்கேயும் நிற்கவில்லை என்றால் "ஒண்ணும் இல்லை" என்று அனுப்பு. நானும் அப்படியே அனுப்புவேன், எனக்கும் அப்படி நாள்கள் வரும்.

அம்மா மிதுக்க வத்தல் போட்டு வைத்திருக்கிறாள், காரைக்குடியிலிருந்து யாராவது வந்தால் கொடுத்து விடுகிறோம். அவளிடம் இதைப் பற்றி நீயே ஒரு நாள் பேசு, தாங்கிக்கொள்வாள். சருகணிப் பக்கம் இன்னும் ஒரு சொட்டு மழை இல்லை. முந்தாநாள்தான் மேலக்காட்டில் விதை போட்டுவிட்டு வந்தோம்.

அன்புடன்,
அப்பா