கீமோ முடிஞ்சா படுத்தே கிடக்கணுமா?

ஆசிரியருக்கு வணக்கம். எங்க அம்மாவுக்கு பெருங்குடல்ல கேன்சர், ஆபரேஷன் கீமோ எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்போ சொந்தக்காரங்க எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், அசையாம ரெஸ்ட் எடுங்கன்னு. ஆஸ்பத்திரில மாத்திரைச் சீட்டு குடுத்தாங்க, நடக்கலாமா கூடாதான்னு யாரும் சொல்லல. மூணே மாசத்துல பாத்ரூம் போகவே என் தோளைப் பிடிக்க வேண்டியதாப் போச்சு, நோயை விட அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு.

அப்புறம் நாங்களா டாக்டர்கிட்ட கேட்டு மொட்டை மாடில நடக்க ஆரம்பிச்சோம். முதல் நாள் ரெண்டே சுத்து, மூச்சு வாங்கிடுச்சு. சுத்துக்கு ஒரு புளியங்கொட்டை டம்ளர்ல போடுவாங்க. இப்போ சாயங்காலம் டம்ளர்ல பாதிக்கு மேல கொட்டை, போன வாரம் தோசை மாவை அவங்களே ஆட்டினாங்க, நான் சமையக்கட்டு வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தேன்.

2025 ஜூன்ல சேலஞ்ச்னு ஒரு ஆய்வு வெளிவந்துச்சு. கீமோ முடிச்ச பெருங்குடல் கேன்சர்காரங்க 889 பேர், கனடா ஆஸ்திரேலியான்னு பல நாடுகள்ல. ஒரு பாதிக்கு ஆள் வச்சு 3 வருஷம் உடற்பயிற்சி, இன்னொரு பாதிக்கு ஆரோக்கியக் குறிப்பு புத்தகம் மட்டும். 8 வருஷத்துல பயிற்சி செஞ்சவங்கள்ல 100க்கு 90 பேர் உயிரோட இருந்தாங்க, மத்தவங்கள்ல 83.

எலும்புல கேன்சர் பரவினவங்க, ரத்தத்துல தட்டணு (பிளேட்லெட்) குறைஞ்சவங்க கண்டிப்பா டாக்டரைக் கேட்டுட்டுதான் செய்யணும். அதுக்குத்தான் கேக்குறேன், கேன்சர் வார்டுக்கு ஒரு பிசியோதெரபிஸ்டைப் போடுங்க, டிஸ்சார்ஜ் சீட்டுல மாத்திரைக்குக் கீழ எவ்வளவு நடக்கணும்னும் எழுதிக் குடுங்க.

ஒரு வாசகி, மதுரை