ஐந்து இடத்தில் வந்தால் ஐந்து ஆதாரம் ஆகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

"எல்லாத்துலயும் வந்துடுச்சே, பொய்யாவா இருக்கும்?" பொய்ச்செய்திக்கு இதைவிடப் பெரிய பலம் கிடையாது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. வட இந்திய ஊடகங்களில் செய்தியாகி, பீகார் சட்டமன்றத்தில் அமளி வரை போனது. ஹோலிக்கு ஊர் திரும்பிய ரயில் கூட்டம்கூட 'உயிருக்குப் பயந்து ஓடும் கூட்டம்' ஆனது. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு இரண்டு வீடியோக்களைப் பற்றி விளக்கினார்: ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே இரு பிரிவாக மோதிக்கொண்டது, மற்றது கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. இரண்டுமே பழையவை. எத்தனை இடத்தில் வந்தாலும் அடியில் கிடந்தவை அதே சில வீடியோக்கள்தான்.

எனவே எண்ண வேண்டியது ஆதாரத்தை, ஊடகங்களை அல்ல. நான்கு நாளிதழ்களில் ஒரே செய்தியின் இரண்டாம் பத்தியை அருகருகே வையுங்கள். அதே மேற்கோள், அதே எண்ணிக்கை, ஊர்ப் பெயரில் அதே எழுத்துப்பிழை இருந்தால், நான்கும் ஒரே ஏஜென்சி (பல தாள்களுக்குச் செய்தி தரும் நிறுவனம்) செய்தியிலிருந்தோ, சம்பந்தப்பட்டவர்களே எழுதி அனுப்பிய ஒரே பத்திரிகைக் குறிப்பிலிருந்தோ வந்தவை. 'கூறப்படுகிறது', 'வட்டாரங்கள் தெரிவித்தன' என்று மட்டும் இருந்தால், சொன்னவர் யார் என்று தெரியும்வரை பகிராதீர்கள்.

வீடியோ என்றால், கடைப் பலகையோ வண்டி எண்ணோ தெரியும் இடத்தில் நிறுத்தி, இரண்டு மூன்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் தேடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் எழுத்துப் பட்டையை வெட்டிவிடுவது முக்கியம். விட்டால் தேடல் அந்த எழுத்தின் பின்னாலேயே போய், அதே வதந்தியைத் திரும்பக் கொண்டுவந்து காட்டும். சேனல் லோகோவோடு படமாகப் பரவும் நியூஸ் கார்டு என்றால், அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் அதே தேதியில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். லோகோவை யாரும் ஒட்டலாம்.

பொய்யே இல்லாத செய்தியிலும் சாய்வு வரும். அது பெரும்பாலும் வினைச்சொல்லில் இருக்கும். ஒரே பேச்சுக்கு ஒரு தாள் 'அமைச்சர் விளக்கம்' என்கிறது, இன்னொன்று 'அமைச்சர் மழுப்பல்' என்கிறது. 'போலீஸார் தடியடி' என்றால் அடித்தவர் தெரிகிறார். 'தடியடி நடத்தப்பட்டது' என்றால் மறைந்துவிடுகிறார். இந்த வகையில் தி.மு.க.வின் முரசொலியும் மார்க்சிஸ்ட் கட்சியின் தீக்கதிரும் வாசகருக்கு எளிது. எந்தக் கட்சியின் தாள் என்று தெரிந்தே கையில் எடுக்கிறோம். நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் தாளைத்தான் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும்.

தவறு கண்டால் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். தீர்வு இல்லையென்றால் இந்தியப் பத்திரிகை மன்றத்தில் புகார் செய்யலாம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். வெட்டி வைத்த செய்தித்தாளும் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலும் தேவை. தொலைக்காட்சி இம்மன்றத்தின் வரம்பில் வராது.

தி இந்து ஆங்கில நாளிதழ் 2006-லேயே, வாசகர்கள் சுட்டும் தவறுகளை விசாரித்துத் திருத்தம் வெளியிட 'வாசகர் ஆசிரியர்' என ஒருவரை நியமித்தது. தங்கள் நாளிதழும் அப்படி ஒருவரை நியமிக்க வேண்டும். முதல் பக்கத்தில் வந்த தவறுக்கு முதல் பக்கத்திலேயே திருத்தம் வர வேண்டும். ஒவ்வொரு செய்தியின் கீழும் அது நிருபர் நேரில் திரட்டியதா, ஏஜென்சி தந்ததா, பத்திரிகைக் குறிப்பா என்று ஒரு சொல் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருப்பூர்