சந்தேகத்தின் பலன்

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு காலை

அன்புள்ள நண்பா,

இங்கிலாந்திலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் நிலைப்பட்டது. இங்கே எல்லோரும் நலம். மூத்தவளுக்கு இரண்டாவது பேத்தி பிறந்திருக்கிறாள்.

மாட்டுக்காரப் பாட்டியின் பேரன், அந்தக் கொள்ளை வழக்கில் தண்டனை பெற்று மேல்முறையீட்டில் வெளியே வந்தவன், அவனைப் பற்றிக் கேட்டிருந்தாய். "விடுதலையாகிவிட்டானே, அரசாங்கம் ஏதாவது கொடுத்ததா?" என்ற உன் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் எழுதிவிடலாம். கொடுக்கவில்லை. அதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் வீட்டுக்கு வந்தான். மேல்முறையீட்டுத் தீர்ப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதை ஒரு துணிப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தான். மடிப்பு விழுந்த இடமெல்லாம் தாள் இற்றுப்போய், பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. ஒரு வரியின்மேல் விரலை வைத்து, "சார், இதற்குத் தமிழில் சரியாக என்ன பொருள்?" என்று கேட்டான். அடையாளம் காட்டிய சாட்சியை நம்ப முடியாது, ஆகவே குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று வாசித்துச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்படியென்றால், நான் செய்யவில்லை என்று இதில் எங்கேயும் எழுதவில்லையா?" என்றான். முப்பது வருடம் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். அன்றைக்கு வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

நான்கு வருடம் உள்ளே இருந்திருக்கிறான். அதற்குள் கொரோனா காலத்தில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்தபோது தோட்டத்து லயத்து வீடுகளும் இல்லை. இடித்துவிட்டு வீடமைப்புக்காக மண்ணைச் சமன்படுத்தி வைத்திருக்கிறார்கள். லாரி ஓட்டுகிற வேலை கேட்டுப் போனால், "சாட்சி பற்றாமல் தப்பித்தவன்தானே நீ?" என்கிறார்கள். சந்தேகத்தின் பலன் என்று பத்திரிகையில் போடுகிறார்களே, அந்தப் பலன் இதுதான். சந்தேகம் அவனோடேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

ஈப்போவில் ஒரு வழக்கறிஞரிடம் அவனை அழைத்துப் போனேன். பொறுமையாக விளக்கினார். தவறான தண்டனைக்கு இழப்பீடு தருவதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்காக ஐ.நா. 1966-இல் நிறைவேற்றிய ஒப்பந்தத்தில் அப்படி ஒரு பிரிவு உண்டு. மலேசியா அதில் சேரவே இல்லை. மிஞ்சியிருப்பது சிவில் வழக்கு. அதிலும், போலீஸ் தவறிவிட்டது என்று காட்டினால் போதாது. தகுந்த காரணம் இல்லாமல், கெட்ட எண்ணத்தோடு வழக்குத் தொடுத்தார்கள் என்று இவன்தான் நிரூபிக்க வேண்டும். அரசுத் தரப்பின்மீது வழக்கு என்றால் 36 மாதக் கெடு வேறு.

நீ அனுப்பிய பத்திரிகை நறுக்குகளை எடுத்துக் காட்டி, "இங்கிலாந்தில் சட்டம் இருக்கிறதே" என்றேன். "1988-இல் வந்த சட்டம். 2014-இல் அதைத் திருத்தியதைப் பாருங்கள்" என்றார். இப்போது அங்கே தண்டனை ரத்தானால் மட்டும் இழப்பீடு இல்லையாம். இவர் இந்தக் குற்றத்தைச் செய்யவில்லை என்பதைப் புதிய சான்று ஐயத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டும். விக்டர் நீலன் 17 வருடம் சிறையில் இருந்தவர். பாதிக்கப்பட்ட பெண்ணின் ஆடையில் வேறு யாரோ ஓர் ஆணின் டி.என்.ஏ. கிடைத்து, தண்டனை ரத்தானது. சாம் ஹாலம் 7 வருடத்துக்கு மேல் இருந்தவர். இருவருக்கும் இழப்பீடு இல்லை என்று 2019-இல் உங்கள் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூனில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 12 நீதிபதிகள் ஒருபக்கம், 5 பேர் மறுபக்கம் என்ற கணக்கில் அதையே ஏற்றுக்கொண்டது. அந்த ஐந்து பேர் என்ன சொன்னார்கள் என்று பையன் இரண்டு முறை கேட்டான்.

எனக்கு இது பொறுக்கவில்லை. பிடித்து அடைக்கும்போது நிரூபிக்கும் பாரம் அரசாங்கத்தின்மேல் இருந்தது. அதை அவர்களால் சுமக்க முடியவில்லை என்றுதான் அவனை விட்டார்கள். விட்ட பிறகு அதே பாரத்தைத் தூக்கி அவன் தலையில் வைப்பது எந்த ஊர் நியாயம்? ஜப்பானில் அப்படி இல்லை. கைதாகி அடைபட்டிருந்து பின்னர் விடுவிக்கப்பட்டவன் அரசிடம் ஈடு கேட்கலாம் என்று அவர்களுடைய அரசியலமைப்பிலேயே 40-ஆவது பிரிவு இருக்கிறது. 1966-இல் கைதான ஹகமாடா இவாவோவுக்கு 2024-இல் விடுதலைத் தீர்ப்பு வந்தது. 2025 மார்ச்சில், சிறையிருந்த ஒவ்வொரு நாளுக்கும் 12,500 யென் வீதம் 21 கோடி யென்னுக்கு மேல் கொடுக்கச் சொன்னார்கள். வாழ்நாளுக்கு அது ஈடாகாதுதான். ஆனால், "நீ குற்றவாளி இல்லை என்பதை நீயே நிரூபி" என்று ஈடு கேட்டபோது அந்தக் கிழவரை யாரும் நிற்க வைக்கவில்லை.

நம் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்ததே, நினைவிருக்கிறதா? பழி வந்தால் மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். இவனுக்காக இவன் அம்மா அணைத்தாள். அன்று தோட்டமே நம்பியது. நம்பியவர்கள் இன்று சுங்கை பட்டாணி, ஜொகூர், சிங்கப்பூர் என்று திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். வழக்கில் இவன் பக்கம் சாட்சி சொன்னவர்கள் அம்மாவும் அக்காளும்தான். சொந்தக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

இனி முக்கியமான விஷயம். கொள்ளை நடந்தது கோலகங்சார்ப் பக்கம், 2018-இல், நம் கோயில் தீமிதி அன்று மாலை ஏழு மணிக்கு. அந்த வருடம் நீ வந்திருந்தாய். பூக்குழியை விட்டு நகராமல் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே இருந்தாய். குழியின் முடிவில், தீ மிதித்தவர்கள் கால் நனைக்கும் பால்குழிக்குக் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தவன் தான்தான் என்கிறான் இவன். நீ இரண்டு நாளில் ஊருக்குக் கிளம்பிவிட்டாய். அவனைப் பிடித்தது அடுத்த வாரம். உன் படங்களின் நினைவு யாருக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. இப்போது இரவில் அது என்னைத் தூங்கவிடுவதில்லை. சாம் ஹாலம் வழக்கில் வந்த புதிய சான்றுகளில் அவருடைய கைப்பேசியில் கிடந்த படங்களும் உண்டு என்று வழக்கறிஞர் சொன்ன பிறகுதான் உன் நினைவே எனக்கு வந்தது.

தேடிப் பார். கிடைத்தால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிவிடாதே, எடுத்த நேரம் அதில் அழிந்துபோகுமாம். பழைய கைப்பேசி இன்னும் வீட்டில் இருந்தால் எதையும் அழிக்காமல் பத்திரமாக எடுத்து வை. உடனே எனக்குத் தொலைபேசியில் சொல். எங்களுக்கு நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை. கெடு முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

உன் அன்பு நண்பன்